புதுக் குட்டியின் இரவுத் தூக்கம் பகலில்தான் தயாராகிறது

கேள்வியின் சுருக்கம்: வீட்டுக்கு வந்து ஐந்து நாளான பத்து வாரக் குட்டி. பகலெல்லாம் வீட்டைச் சுற்றி ஓடுகிறது. இரவு பத்தரைக்குக் கூண்டில் விட்டால் அழுகை, தூக்கி வெளியே விட்டால் விளையாட்டு. காலை நாலரைக்கு மறுபடி எழுப்பிவிடுகிறது. “மூன்று நாள் கத்தவிடுங்கள், அடங்கிவிடும்” என்கிறார் ஒருவர். “கட்டிலில் போட்டுக்கொள்ளுங்கள்” என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

பத்து வாரக் குட்டி சில நாள் முன்புவரை உடன்பிறந்த குட்டிகளின் மேல் குவிந்து படுத்துத் தூங்கியது. தனியாகத் தூங்குவது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அந்த அழுகை அடம் இல்லை; கூட்டத்திலிருந்து பிரிந்த குட்டி கூட்டத்தைக் கூப்பிடும் சத்தம். கத்தவிட்டால் மூன்றாம் நாள் அடங்குவதும் உண்டுதான். ஆனால் அது பெரும்பாலும் களைத்துப்போய்க் கைவிடுவதால், தூங்கக் கற்றுக்கொண்டதால் அல்ல. நடுவில் மூத்திரம் முட்டிக் கூண்டிலேயே போய்விட்டால் இன்னொரு நஷ்டமும் சேர்கிறது. படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்ற கூச்சம் நாய்க்குட்டிக்கு இயல்பிலேயே உண்டு. வேறு வழியில்லாமல் நாலைந்து முறை அங்கேயே போக நேர்ந்தால் அந்தக் கூச்சம் தேய்ந்துவிடும். அதைத் திரும்பக் கொண்டுவருவது தூங்கவைப்பதைவிடப் பெரிய வேலை.

கட்டில் விஷயம் வேறு. ஆரோக்கியமான, சுத்தப் பழக்கம் வந்துவிட்ட நாய் கட்டிலில் படுப்பதில் தவறேதும் இல்லை. அது வீட்டாரின் விருப்பம். ஆனால் இந்த வயதில் இருட்டில் கட்டிலிலிருந்து குதித்தால், அதுவும் சின்ன இனமாக இருந்தால், முன்னங்கால் எலும்பு முறிய வாய்ப்புண்டு. மெத்தை நனைவதைச் சொல்லவே வேண்டாம். ஆறு மாதம் போகட்டும், பிறகு யோசிக்கலாம்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி “பகலெல்லாம் ஓடுகிறது” என்பதுதான். சிக்கலின் பாதி அங்கே இருக்கிறது.

இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். வளர்ந்த நாய்க்கே, அரைத்தூக்கத்தையும் சேர்த்து, 12 முதல் 14 மணி நேரம் ஆகும். அப்படியென்றால் உங்கள் குட்டி விழித்திருக்க வேண்டியது மொத்தமாகவே நாலிலிருந்து ஆறு மணி நேரம். பகலெல்லாம் ஓடுகிற குட்டி இரவில் அசந்து தூங்கும் என்று நினைப்பது இயற்கைதான், ஆனால் நடப்பது தலைகீழ். அளவுக்கு மீறி அசந்த குட்டி அடங்காது. சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு வாலைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் வட்டமடிக்கும், கணுக்காலைக் கடிக்கும், துணியை இழுக்கும், கூப்பிட்டால் காதில் வாங்காது. “இன்னும் சக்தி மிச்சமிருக்கிறது, கொஞ்சம் விளையாட விடுவோம்” என்று பந்தை எடுத்தால் இன்னும் ஏறும். தூக்கம் வந்த கைக்குழந்தை சிணுங்குவதும் இதுவும் ஒன்றே.

ஆகவே பகலை இப்படிப் பிரியுங்கள்: 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் விழிப்பு, பிறகு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் தூக்கம். விழித்ததும் முதல் வேலை வெளியே கொண்டுபோவது. பிறகு சாப்பாட்டு நேரமாக இருந்தால் சாப்பாடு, ஐந்து நிமிடப் பயிற்சி, கொஞ்சம் முகர்ந்து தேடும் விளையாட்டு, மறுபடி வெளியே, மறுபடி தூக்கம். பந்தைத் துரத்துவதைவிட முகர்ந்து தேடுவதே குட்டியை நன்றாக அடக்கும். அதன் தீவனத்தில் ஒரு கைப்பிடியைப் பழைய துண்டு ஒன்றில் தூவிச் சுருட்டிக் கொடுத்தால் பத்து நிமிடம் மூக்காலேயே உழுதுகொண்டிருக்கும். முடிந்ததும் கொட்டாவி வரும். பயிற்சிக்குப் பின் தூங்கவிடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. நாய்களின் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பதிவுசெய்த ஹங்கேரி ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் கற்ற கட்டளையைத் தூங்கி எழுந்த நாய்கள் முன்னைவிட நன்றாகச் செய்தன. குட்டி தூங்குகிற நேரம் வீண்போகிற நேரம் அல்ல.

பகல் தூக்கம் தானாக வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடமாட்டமுள்ள கூடத்தில் குட்டி கண்ணை மூடாது. யாராவது எழுந்தால் அதுவும் எழும். தூக்க நேரத்துக்கு அதைக் கூண்டிலோ தடுப்பு வைத்த மூலையிலோ விட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, கடித்து மெல்வதற்கு ஒரு ரப்பர் பொம்மை கொடுத்து, பக்கத்தில் சும்மா உட்காருங்கள். பேசாதீர்கள், தடவாதீர்கள். ஐந்து பத்து நிமிடத்தில் தலை சாயும். பொம்மை கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது அமுங்க வேண்டும். நகம் பதியாத கடினமான எலும்பும் கொம்பும் பல்லை உடைக்கும்.

அடுத்து, கூண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து 10 செ.மீ. கூட்டினால் நீளம், நின்ற நிலையில் தரையிலிருந்து தலை உச்சிவரை அளந்து 10 செ.மீ. கூட்டினால் உயரம். நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். “வளரப்போகிறதே” என்று பெரிதாக வாங்கியிருந்தால் நடுவில் ஒரு தடுப்பு வைத்துச் சுருக்குங்கள். இடம் தாராளமாக இருந்தால் ஒரு மூலையைக் கழிப்பறையாக்கி, மறு மூலையில் குட்டி நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும். உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள்; கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். கீழே எளிதாகத் துவைக்கக்கூடிய விரிப்பு, முடிந்தால் தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டு. வெக்கையான நாளில் குட்டி விரிப்பைத் தள்ளிவிட்டு வெறுந்தரையில் படுத்தால் படுக்கட்டும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, வயிற்றைக் குளிர்ந்த தரையில் ஒட்டித்தான் சூட்டை இறக்கும்.

கூண்டைப் பகலில் பழக்காமல் இரவில் மட்டும் பூட்டுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. கதவு அடைந்தால் இருட்டும் தனிமையும்தான் என்று குட்டி கணக்குப் போட்டுவிடுகிறது. முதல் இரண்டு நாள் கதவைத் திறந்தே வைத்து மூன்று வேளைச் சாப்பாட்டையும் உள்ளே வையுங்கள். பிறகு சாப்பிடும்போது மட்டும் கதவைச் சாத்தி, முடித்ததும் திறங்கள். பிறகு பத்து நொடி, முப்பது நொடி, இரண்டு நிமிடம் என்று நீட்டுங்கள். கடைசிவரை கூண்டு பிடிக்காமலே போகும் நாய்களும் உண்டு. அவற்றோடு மல்லுக்கட்டாமல் தடுப்பு வைத்த சிறு மூலையே போதும் என்று விட்டுவிடலாம். தண்டனையாகக் கூண்டில் அடைப்பதை மட்டும் எக்காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

கூண்டை எங்கே வைப்பது? உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், படுத்தபடி கையை நீட்டினால் குட்டியின் மூக்குக்கு எட்டுகிற தூரத்தில். “பழகிவிடுமே” என்று பயப்பட வேண்டாம். பழகினால் மாற்றலாம், பயந்தால் மாற்றுவது கடினம். குட்டி முனகினால் விரலைக் கம்பிக்குள் விடுங்கள், அது முகர்ந்துவிட்டுப் படுக்கும். தொடர்ந்து நாலைந்து இரவு அமைதியாகக் கழிந்ததும், நீங்கள் நிரந்தரமாக வைக்க நினைக்கும் இடத்தை நோக்கி இரண்டு மூன்று நாளைக்கு அரை மீட்டர் வீதம் நகர்த்துங்கள். ஒரு இரவு அழுதால் ஒரு படி பின்னால் வாருங்கள்.

மாலையைப் படுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பத்தரைக்குப் படுப்பதானால் கடைசிச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடிய வேண்டும். இந்த வயதில் சாப்பிட்ட 15–30 நிமிடத்தில் மலம் கழிக்கும், சில குட்டிகள் இரண்டாவது முறையும் போகும். அதற்கு அவகாசம் வேண்டும். ஏழரைக்கு ஒரு குட்டித் தூக்கம். இதைப் பலரும் “இப்போது தூங்கினால் இரவு தூங்காது” என்று தடுப்பார்கள், தடுக்கக் கூடாது. எட்டரைக்கு எழுப்பி அமைதியான விளையாட்டு. ஒன்பதரைக்குள் விளக்கைக் குறைத்து, மெல்லும் பொம்மை. பத்தேகாலுக்குக் கடைசியாக வெளியே. தண்ணீரைப் பகலில் அளக்காதீர்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கிண்ணத்தை எடுத்து வைக்கலாம்; வெயில் காலத்திலும், குட்டிக்குக் கழிச்சலோ வாந்தியோ இருக்கும்போதும் எடுக்கவே கூடாது.

இனி நள்ளிரவு. நான் பரிந்துரைப்பது அலாரம். குட்டி அழுது நீங்கள் எழுவதைவிட, அது அழுவதற்கு முன் நீங்களே எழுவது நல்லது. அழுதால் கதவு திறக்கும் என்ற பாடமே உருவாகாமல் போய்விடும். விழித்திருக்கும்போது குட்டி மூத்திரத்தை எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம். உங்களுடையதற்கு மூன்று, மூன்றரை மணி. தூக்கத்தில் இது கொஞ்சம் நீளும். பத்தேகாலுக்குப் போயிருந்தால் முதல் அலாரம் ஒன்றரைக்கு, இரண்டாவது நாலேகாலுக்கு. மூன்று இரவு தொடர்ந்து கூண்டு நனையாமல், அலாரம் அடிக்கும்போது குட்டி தூங்கிக்கொண்டும் இருந்தால், இரண்டையும் 15 நிமிடம் தள்ளுங்கள். முதல் அலாரம் மூன்று மணியைத் தொடும்போது இரண்டாவது தேவைப்படாது. நாலு மாத வாக்கில் பல குட்டிகள் ஆறு ஏழு மணி நேரம் தாங்கும். சின்ன இனங்கள் கொஞ்சம் பிந்தும்.

எழுந்ததும் செய்வதைத் துல்லியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கோட்டைவிடுவது இங்கேதான். பெரிய விளக்கைப் போடாதீர்கள். டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தால் போதும். கூண்டுக் கதவைத் திறந்ததும் குட்டியைத் தூக்கிக்கொள்ளுங்கள். நடக்கவிட்டால் வாசல் போகும் முன்பே வழியில் குந்திவிடும். கயிறு கட்டி வழக்கமான அதே இடத்தில் இறக்கிவிட்டு, மரம் மாதிரி நில்லுங்கள். அது உங்கள் செருப்பைக் கடிக்கும், இலையைத் துரத்தும், முகத்தை அண்ணாந்து பார்க்கும். நீங்கள் பார்க்காதீர்கள். கயிற்றின் நீளத்துக்குமேல் போக முடியாமல், விளையாட ஆளும் இல்லாமல், இரண்டு மூன்று நிமிடத்தில் மூக்கு தரைக்குப் போகும். ஒரு சுற்று, இரண்டு சுற்று, குந்தும். முடித்ததும் தணிந்த குரலில் ஒரே ஒரு “சபாஷ்”, உடனே உள்ளே. தின்பண்டம் வேண்டாம், கொஞ்சல் வேண்டாம். ஐந்து நிமிடம் ஆகியும் போகாவிட்டால் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை முயலுங்கள். “வெளியே விட்டால் விளையாடுகிறது” என்று எழுதியிருந்தீர்களே, கயிறு இல்லாமல் விட்டிருப்பீர்கள். கயிறு ஒன்றே அதில் பாதியைத் தீர்க்கும்.

அலாரத்துக்கு நடுவில் அழுதால்? சத்தத்தைக் கேளுங்கள். விட்டு விட்டு வரும், இறங்கிக்கொண்டே போகும் சிணுங்கல் என்றால் இடம் மாற்றிப் படுக்கிறது; ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள், விரலை மட்டும் நீட்டலாம். தூங்கிக்கொண்டிருந்தது திடீரென்று எழுந்து கூண்டுக்குள் சுற்றி, கதவைப் பிறாண்டி, குரல் ஏறிக்கொண்டே போனால் அவசரம், அழைத்துப்போங்கள். மூச்சிரைப்பும் எச்சில் ஒழுகலுமாக ஊளையிட்டால் அது பயம். அப்போது பொறுமையைச் சோதிக்காமல் கூண்டை நெருக்கிவைத்து, மறுநாளிலிருந்து கூண்டுப் பழக்கத்தை ஆரம்பப் படியிலிருந்து தொடங்குங்கள். நடு இரவில் திட்டுவதால் எதுவும் நடக்காது. உங்களுக்குத்தான் தூக்கம் கலையும்.

உள்ளே நனைந்துவிட்டால் அம்மோனியா கலந்த சுத்திகரிப்பான் வேண்டாம், அதன் வாடையே மூத்திர வாடையை ஒத்தது. மூத்திர வாடையைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவத்தை ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள்.

காலை நாலரை விழிப்புக்குக் காரணம் ஒன்று மட்டும் இருக்காது. மூத்திரம் முதல் சந்தேகம். நாலேகால் அலாரம் அதைப் பார்த்துக்கொள்ளும். போய்விட்டு வந்த பிறகும் தூங்காமல் துள்ளினால், எழுந்தவுடன் சாப்பாடு கிடைக்கிறதா என்று பாருங்கள். அப்படிக் கிடைத்தால் குட்டியின் வயிறே அலாரமாகிவிடும், நாளுக்கு நாள் முந்தும். காலைச் சாப்பாட்டை எழுந்து அரைமணி நேரம் கழித்து, வேறு ஏதாவது ஒரு வேலைக்குப் பின் வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தால் கூண்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மூடுங்கள், காற்றுக்கு முன்பக்கம் திறந்திருக்கட்டும். ஆறு மணிக்கு நாள் தொடங்க வேண்டும் என்றால் விடுமுறை நாளிலும் ஆறு மணிதான்.

குட்டி அல்லாமல் வளர்ந்த நாயைத் தத்தெடுத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்குகள் அப்படியே பொருந்தா. அடக்கும் சக்தி அதற்கு இருக்கும், நம்பிக்கை இருக்காது. முதல் சில நாள் ஒன்று தூங்கிக்கொண்டே இருக்கும், அல்லது ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைத் தூக்கும். இரண்டும் சகஜம். முதுகுக்குச் சுவர் இருக்கும் மூலையில், வாசல் கண்ணில் படும்படி படுக்கை போடுங்கள். எங்கே படுப்பது என்பதை அதுவே தேர்ந்தெடுக்க விடுங்கள். அதற்கு நேரத்தை நாள்களில் அல்ல, வாரங்களில் எண்ண வேண்டும். முக்கியமாக, தூங்கும் நாயைத் தொட்டு எழுப்பாதீர்கள். தெரு வாழ்க்கையையோ அடைத்துவைத்த வாழ்க்கையையோ பார்த்த நாய் திடுக்கிட்டு விழித்தால், யாரென்று பார்க்கும் முன்பே பல் பட்டுவிடலாம். இரண்டடி தள்ளி நின்று பெயரைச் சொல்லுங்கள். வீட்டுக் குழந்தைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய விதி இதுதான்.

தூக்கத்தில் கால் துடிப்பது, உதடு இழுப்பது, உள்ளுக்குள் குரைப்பது எல்லாம் கனவுத் தூக்கம், கவலை வேண்டாம். உடல் விறைத்து, பெயர் சொல்லியும் விழிக்காமல், மூத்திரம் போய், எழுந்த பிறகும் சற்று நேரம் தடுமாறினால் அது வலிப்பாக இருக்கலாம். எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்து, முடிந்தால் படம்பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ அடுத்தடுத்து வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆழ்ந்து தூங்கும் நாயின் மூச்சை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-ஐ அடிக்கடி தாண்டினாலும் போய்ப் பாருங்கள். தட்டை முக இனங்கள் உட்கார்ந்தபடியோ மோவாயைப் பொம்மைமேல் தூக்கிவைத்தோ தூங்கினால் அழகு என்று படம் எடுப்பார்கள், ஆனால் மூச்சுப்பாதை அடைபடுவதைச் சமாளிக்கவே அவை அப்படிப் படுக்கின்றன. அடிக்கடி சொட்டுச் சொட்டாக மூத்திரம், இரவெல்லாம் சொறிதல், திடீரென்று கூடிய தாகம் ஆகியவற்றையும் பழக்கத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

மனிதர்களின் தூக்க மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. தூக்கத்துக்காக மனிதர்கள் சாப்பிடும் மெலடோனின் மிட்டாய்களில் சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பு உண்டு. அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.

இன்றிரவிலிருந்து ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் நாலு நேரங்களை மட்டும் எழுதுங்கள்: கடைசிச் சாப்பாடு, கடைசி மூத்திரம், பகலில் தூங்கிய மொத்த நேரம், இரவில் விழித்த நேரம். மோசமான இரவுகளுக்கு நேரே பகல் தூக்கத்தின் எண்ணைப் பாருங்கள். அது எட்டு மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் அலாரத்தைத் தொடாதீர்கள், மதியத்தைச் சரிசெய்யுங்கள். அது பத்தைத் தொட்டும் ஒரே நேரத்தில் விழிக்கிறது என்றால், அலாரத்தை அந்த நேரத்துக்கு அரைமணி முன்னால் வையுங்கள்.